வெயில் பட்ட பூசணம்

நெடுங்கல் தோட்டம், மேல்பிரிவு,
பூனாகலை.
2024 ஏப்ரல் 21

வதனி மிஸ் அவர்களுக்கு,

மேல்பிரிவு மாதர் சங்கச் செயலாளர் ஜெயந்தினி எழுதுகிறேன். போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. எடுக்கிறவர்கள் "மிஸ் கூட்டத்தில இருக்காங்க" என்கிறார்கள். அப்படி என்ன கூட்டமோ, முடிவதே இல்லை. அதனால்தான் எழுதிப் பதிவுத் தபாலில் போடுகிறேன்.

எங்கள் போஞ்சிப் பயிர் செத்துக்கொண்டிருக்கிறது. முளைத்து நாலு இலை விட்டதும் அடித்தண்டு கறுத்துச் சாய்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் சோறு மாதிரிக் கையோடு வருகிறது. வருஷப் பிறப்பு அன்று ஒரு மூலையில் தொடங்கியது, இன்றைக்குப் பாதி மலை வெறும் குச்சியாக நிற்கிறது.

அந்த மண்ணில் வேரழுகல் நோய் இருக்கிறது என்று பரிசோதித்துச் சொன்னது நீங்கள். கடை மருந்து அடிக்கிறோம் என்றோம். வேண்டாம், கெட்ட பூசணத்தைத் தின்கிற நல்ல பூசணம் ஒன்று எங்கள் நிலையத்தில் வளர்க்கிறோம், அதைத் தருகிறோம் என்று தடுத்ததும் நீங்கள்தான். பந்தல் போட்டு, மேடை போட்டு, பிரதம விருந்தினர் கையால் அந்தப் பச்சைத் தூளைக் கொடுத்தீர்கள். நீங்கள் சொன்னபடி சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பிறகுதான் போட்டோம். எருவோடு கலந்து, மண்ணை இழுத்து மூடினோம். இவ்வளவும் செய்து கிடைத்தது இதுதான்.

அந்த மலை எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாங்கள் படுக்கிற லயக் காம்பரா கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் பேரில் ஒரு பிடி மண் கிடையாது. லயத்துக்கு மேலே கைவிட்டுக் கிடந்த தேயிலை நிலத்தை, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் நடையாய் நடந்து ஒரு போகத்துக்குக் கேட்டு வாங்கினோம். விளைச்சலைக் காட்டினால் தொடர்ந்து செய்யலாம், காட்டாவிட்டால் நிலத்தை எடுத்து மரம் நடுவேன் என்றார். நேற்று வந்து பார்த்தார். "கொழுந்து எடுக்கிறவங்க கொழுந்து எடுக்கணும், நான் அப்பவே சொன்னேன்தானே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களிடம் சொன்னவள் நான். உங்கள் தூள் கெட்ட தூள் என்று நிலையத்தின் பேரில் ஒரு கடிதம் தாருங்கள். அதைத் துரையிடம் காட்டி இன்னொரு போகம் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

ஜெயந்தினி


ஊவா நுண்ணுயிர்ப் பயிர்ப் பாதுகாப்பு நிலையம்,
பதுளை.
29.04.2024

திருமதி ஜெயந்தினி அவர்களுக்கு,

உங்கள் 21.04.2024 திகதிய கடிதம் கிடைத்தது. பயிரிழப்புக்காக வருந்துகிறேன். ஆயினும் எமது தூள் கெட்டது என்று கடிதம் தர இயலாது, ஏனெனில் அது உண்மையன்று.

டிரைக்கோடேர்மா என்னும் அந்த நல்ல பூசணம், அதாவது பங்கசு, எமது ஆய்வுகூடத்தில் என் மேற்பார்வையில் வளர்க்கப்பட்டது. நிலையத்தை விட்டுப் புறப்படுமுன் ஒவ்வொரு தொகுதியும் பரிசோதிக்கப்பட்டது. அதே தொகுதியின் மாதிரி இன்றும் எமது குளிர்சாதனப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன், தட்டு நிறைய வளர்ந்தது.

அப்படியானால் பிழை நிலையத்துக்கு வெளியேதான் நடந்திருக்க வேண்டும். இந்தப் பங்கசுக்குப் பெரிய எதிரி சூரிய ஒளி. வெயிலில் உள்ள கழியூதாக் கதிர் பட்டால் அதன் வித்திகள் சிறிது நேரத்திலேயே இறந்துவிடும். இதைப் பயிற்சி வகுப்பில் படம் போட்டு விளக்கினேன். உங்கள் ஆட்கள் எவ்வளவு கவனித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பலர் பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தூளை வைத்திருந்த இடம் எது, யாராவது வெயிலில் வைத்தார்களா என்பதை விசாரித்து எழுதுங்கள். மீதித் தூள் இருந்தால் அனுப்புங்கள். நான் கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னது பொய்யன்று. நானும் மனுசிதான், இந்த மாவட்டம் முழுவதற்கும் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான்.

இ. வதனி
ஆய்வு உத்தியோகத்தர்


மேல்பிரிவு
2024 மே 4

வதனி மிஸ் அவர்களுக்கு,

"உங்கள் ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஆட்கள் பின்வரிசையில் ஏன் பேசிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? நீங்கள் சொன்னது விளங்காமல் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழியூதா என்றீர்கள், வித்தி என்றீர்கள். வெயிலில் வைக்காதே என்று இரண்டு சொல்லில் சொல்லியிருந்தால் குழந்தைக்கும் விளங்கியிருக்கும். கூச்சத்தில் யாரும் எழுந்து கேட்கவில்லை. படித்த பிள்ளை இவ்வளவு வேகமாகச் சொல்கிறதே, நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று இருந்துவிட்டார்கள்.

விசாரி என்றீர்கள், விசாரித்தேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் கருப்பம்மா அக்கா தன் காம்பராவில் இருந்த பொதிகளை வெயிலில் காயப் போட்டிருக்கிறாள்.

ஏன் போட்டாள் என்றும் கேளுங்கள். பொதியைத் திறந்தபோது தூள் ஈரமாக இருந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் மாதக்கணக்காகப் பனி மூடிக் கிடக்கும். அரிசியில் பூக்கும், மிளகாயில் பூக்கும், பெட்டியில் மடித்து வைத்த சேலையில்கூடப் புள்ளி விழும். ஒரு நாள் வெயில் கண்டுவிட்டால் லயத்தில் உள்ள எல்லாப் பொருளும் வாசலுக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் அவளும் சாக்குப் படங்கை விரித்து, தூளைப் பரப்பி, காக்கா கோழி வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறாள்.

"ஈரத்தோட கட்டி வச்சா பூசணம் பிடிச்சுக் கெட்டுப் போயிருமேன்னு பயந்துதான் போட்டேன் ஜெயந்தி" என்றாள். பூசணம் பிடிக்கும் என்று பயந்து பூசணத்தையே காயப் போட்டிருக்கிறாள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். விஷயம் விளங்கியதும் அவள் அழுத அழுகையை நீங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. அந்தப் பொதியை நன்றாகப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் சிங்களம், அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். தமிழில் ஒரு எழுத்து இல்லை. தமிழ் ஆட்கள் வாழ்கிற தோட்டத்துக்குத் தமிழ் மிஸ் ஒருத்தர் கொண்டுவந்த பொதியில் தமிழ் இல்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்து நிஷாந்த் தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "நிழலில் வைக்கவும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

எங்கள் ஊர் வெயில் சுடுகிற வெயிலும் இல்லை. ஸ்வெட்டரோடு நிற்கிற வெயில். அதிலா உங்கள் பூசணம் செத்தது? மீதித் தூள் இல்லை, எல்லாவற்றையும் மண்ணில் போட்டுவிட்டோம்.

ஜெயந்தினி


பதுளை
10.05.2024

ஜெயந்தினி அவர்களுக்கு,

நேர்மையாக எழுதியதற்கு நன்றி. இப்போது காரணம் தெளிவாகிவிட்டது.

ஸ்வெட்டரோடு நிற்கிற வெயில் என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் பிழையாக நினைப்பது இங்கேதான். உடம்பில் சுடுவது வேறு, பங்கசைக் கொல்லும் கதிர் வேறு. உயரம் ஏற ஏற அந்தக் கதிரின் வலிமை கூடுகிறது. பூனாகலையில் குளிருக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும்போது உங்கள் தோலில் விழுவது கடற்கரை ஊரில் விழுவதைவிடக் கடுமையான கதிர். தூளை மெல்லியதாகப் பரப்பினால் ஒரு வித்தியும் தப்பாது. இத்தனைக்கும் வளரும் காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் பட்டால்தான் அது வித்தி விட்டுப் பச்சையாகும், முழு இருட்டில் வெள்ளையாகவே கிடக்கும். வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது. இதை வகுப்பில் இப்படிச் சொல்லியிருக்கலாம்தான்.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கேட்டது என்னைச் சுட்டது. பொதிக்கான வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அச்சாகி வந்தபோது அது இல்லை. கேட்டதற்கு "இடம் போதவில்லை" என்றார்கள். நிலையத்தின் சின்னத்துக்கும் பணிப்பாளரின் செய்திக்கும் இடம் போதியிருந்தது. நானும் சண்டை பிடித்தேன். பிடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

ஆனால் உண்மை உண்மைதான். தூள் பாவனையாளர்களால் வெயிலில் உலர்த்தப்பட்டதால் செயலிழந்தது என்று அறிக்கை எழுதிப் பணிப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். அது அலுவலகத்துக்குள் இருக்கிற காகிதம், உங்களுக்கு அதனால் ஒரு பாதிப்பும் வராது. அடுத்த போகத்துக்குப் புதுத் தூள் தர நான் பொறுப்பு. கருப்பம்மா அக்காவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வதனி


மேல்பிரிவு
2024 மே 20

வதனி மிஸ்,

கவலைப்பட வேண்டாம் என்று கருப்பம்மா அக்காவிடம் சொல்லச் சொன்னீர்கள். நான் சொல்வதற்கு முன்னால் துரை சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்குள் இருக்கும் என்று நீங்கள் எழுதிய காகிதம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. உங்கள் பணிப்பாளர் துரைக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். நேற்று முந்தின நாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வந்து நிற்கும்போது, அதைக் கணக்கப்பிள்ளையை விட்டு வாசிக்க வைத்தார். வாசித்து முடிந்ததும் "மருந்தையே கருவாடு மாதிரி காயப் போட்டுக் கொன்னுருக்காங்க, இவங்களுக்கு நெலம் ஒரு கேடா?" என்றார். ஆம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார், அவரை அப்புறம் வீட்டில் கவனித்துக்கொண்டேன். காயப் போட்டது யார் என்று தோட்டத்துக்கே தெரியும். கருப்பம்மா அக்கா கூடையை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அன்றிலிருந்து சங்கத்துக்கு வருவதில்லை. தண்ணீர்ப் பீலியில் ஆள் இருந்தால் குடத்தோடு திரும்பிப் போய்விடுகிறாள்.

 உங்களை நம்பி அவள் பேரை எழுதினேனே என்று ஆத்திரமாக வருகிறது. ஆனால் இந்த ஆத்திரத்திலேதான் எனக்கு ஒன்று உறைத்தது. நீங்கள் படித்தவர், உங்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்கிறேன்.

அக்கா காயப் போட்டது அவளிடம் இருந்த பொதிகளை மட்டும்தான். மறுபாதி என் கட்டிலுக்கு அடியில் சாக்கு மூடி இருந்தது. அந்த இடத்தில் பகலிலும் டோர்ச் அடித்துத்தான் பொருள் தேட வேண்டும். என் பங்கைப் போட்டது மலையின் கீழ்ப் பக்கம். அந்தப் பக்கமும் அதே மாதிரித்தான் அழுகிச் சாய்ந்தது, ஒரு வரிசைகூடத் தப்பவில்லை. என் தூள் எந்த வெயிலைப் பார்த்தது மிஸ்?

நான் யோசித்துப் பார்த்தேன். பார்த்த வெயில் ஒன்றுதான், உங்கள் விழா வெயில். காலையிலேயே எங்களை வரச் சொன்னீர்கள். பொதிகளை மேடைப் படியில் கோபுரம் மாதிரி அடுக்கி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கிற பச்சை போட்டோவில் தெரிய வேண்டும் என்று கண்ணாடிப் பொலித்தீன் பொதி. மேலே பந்தல் கிடையாது, பந்தல் எல்லாம் நாற்காலிக்குத்தான். பிரதம விருந்தினர் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். அதுவரைக்கும் பொதி எங்கே இருந்தது? அவர் இறங்கியதும் ஓடிப் போய்க் குடை பிடித்தீர்கள். அவருக்குப் பிடித்த குடையைப் பொதிக்குப் பிடித்திருந்தால் என் போஞ்சி இன்றைக்குக் கொடி ஏறியிருக்கும்.

வெயில் ஆகாது என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். அதை உங்கள் மேடைக்கு யார் காட்டுவது?

ஜெயந்தினி


பதுளை
03.06.2024

ஜெயந்தினி,

இது நிலையத்தின் கடிதத்தாள் இல்லை, கடையில் வாங்கிய தாள். இதை எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம் உண்டு.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. குடை பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து மேடையில் பூத்தட்டு ஏந்துவதும் குடை பிடிப்பதும் பெண் உத்தியோகத்தர்களின் தலையில்தான் விழுகிறது. நீங்களும் அதையே குத்திக் காட்டினீர்கள் என்று இரண்டு நாள் உங்களோடு மனத்துக்குள் சண்டை பிடித்தேன்.

பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த தூளை நினைத்தேன்.  அதே மேடையில் பொதி வாங்கிய அப்புத்தளை நௌபர் என்பவரைத் தேடிப் போனேன். அவர் லீக்ஸ் பயிரிடுகிறவர், விதைப்புப் பிந்தியதால் பொதியைப் பிரிக்காமல் இருட்டறையில் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து, குளிர்பெட்டியில் இருந்த மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பரிசோதித்தேன். பெட்டியில் இருந்தது தட்டு நிறையப் பச்சையாக வளர்ந்தது. மேடையில் இருந்த பொதியில் அநேகமாக ஒன்றும் வளரவில்லை. பிழையாகச் செய்துவிட்டேனோ என்று மீண்டும் செய்தேன், அதே முடிவுதான் வந்தது. வெளிப்பக்கத்தில் இருந்தவை கதிரில் செத்திருக்கின்றன, உள்ளே இருந்தவை மூடிய பொலித்தீனுக்குள் வெந்து செத்திருக்கின்றன.

கருப்பம்மா அக்கா வெயிலில் போட்டது பிழைதான், நல்ல தூளாக இருந்தாலும் அதோடு போயிருக்கும். ஆனால் அவர் போட்டது நல்ல தூள் இல்லை. விழாவிலேயே செத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காவல் இருந்திருக்கிறார்.

இரண்டு தட்டுகளையும் பணிப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அறிக்கையை மாற்ற வேண்டும் என்றேன். விழாப் படம் பத்திரிகையில் வந்துவிட்டது, விருந்தினரைச் சங்கடப்படுத்த முடியாது என்று கையை விரித்தார். நான் வெளியே கிளம்பும்போது, "மிஸ் வதனிக்கு இடமாற்றம் ஏதும் தேவையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்றால், தட்டுகளை வெடுக்கென்று எடுத்ததில் ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "உனக்கேன் பிள்ளை இந்தத் தலையிடி? பேசாமல் இரு. எனக்கு மருந்து வாங்கிறதும் உன்ர சம்பளத்திலதான் எண்டு மறந்திடாத" என்றார்.

ஆகவே இப்போதைக்குப் பொறுத்திருங்கள். அடுத்த போகத்துக்கு யாருக்கும் தெரியாமல் நல்ல தூள் கொண்டுவந்து தருகிறேன். இதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் தெரியவில்லை.

வதனி


மேல்பிரிவு
2024 ஜூன் 8

வதனி மிஸ்,

பொறுத்திருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலத்தை எடுத்த பிறகு நல்ல தூளை எங்கே போடுவது, லயத்துக் கூரையிலா? மரக்கன்றுகள் வந்து இறங்கிவிட்டன. வருகிற வெள்ளிக்கிழமை குழி வெட்ட ஆள் பிரித்திருக்கிறார் துரை. அந்தக் குழியை வெட்டப் போவதும் எங்கள் வீட்டு ஆம்பளைகள்தான்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கேட்ட கடிதம் கையில் கிடைத்துவிட்டது. இதைக் கொண்டுபோய்த் துரை முன்னால் நீட்டினால் போதும், அந்த அறிக்கைக்கு இதுவே பதில். நீட்டத்தான் கிளம்பினேன். ரோட்டு வரை போய்த் திரும்பி வந்தேன். உங்களைக் கேட்காமல் நீட்டினால் உங்கள் வேலை போகும், உங்கள் அம்மாவுக்கு மருந்து நிற்கும். துரை எங்களுக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்ததாக ஆகும்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையைக் காப்பாற்றுகிற பாரத்தை என் தலையில் வைத்துவிட்டீர்கள். செத்தது எங்கள் பயிர், போகப்போவது எங்கள் நிலம், களத்தில் தலைகுனிந்தது எங்கள் அக்கா. இதில் உங்களுக்காகவும் நாங்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

அக்கா குற்றவாளி இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குற்றவாளி என்று வாசித்ததோ தோட்டம் முழுவதும் கேட்டது. அவளிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அந்த மிஸ்ஸு என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? சிரிச்சவங்ககிட்டச் சொல்லட்டும்" என்றாள்.

வரச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு வழி இல்லை. வெள்ளிக்கிழமை பெரட்டு காலையில் ஆறரைக்கு.

ஜெயந்தினி


பதுளை
11.06.2024

ஜெயந்தினி,

கடிதத்தைக் காட்டுங்கள். என்னைக் கேட்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் நான் காட்டச் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை பண்டாரவளையில் தங்கி விடியற்காலையில் வருகிறேன். உடையாமல் மிஞ்சிய தட்டையும் புதிதாக வளர்த்த இன்னொன்றையும் கொண்டுவருவேன். குளிர்பெட்டியில் உள்ள தூளும் வரும். பெட்டிக்குள் ஈரத் துணி சுற்றி வருகிறது, அதை யாரும் திறந்து வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. அதற்கு மட்டும் நீங்கள் ஆள் நிறுத்துங்கள்.

களத்தில் நின்று பேசுவது எனக்குப் பழக்கமில்லை. கழியூதா என்று சொல்ல மாட்டேன். பயமாக இருக்கிறது, ஆனால் பணிப்பாளரின் அந்த மேசையைவிட இந்தக் களம் பரவாயில்லை.

வதனி


மேல்பிரிவு
2024 ஆகஸ்ட் 17

வதனி மிஸ்,

இத்தனை நாளும் உங்களுக்கு எழுதாமல் இருந்தது போஞ்சி பிடிக்கட்டும், நல்ல சேதியாக எழுதலாம் என்றுதான். இப்போது நல்ல சேதியையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அன்றைக்கு நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்தது. "தூள் செத்தது எங்கட விழாவிலதான், இந்த அக்காவில பிழையில்லை. அறிக்கையைப் பிழையா எழுதினதும் நான்தான்" என்று நீங்கள் சொன்னபோது துரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது நீங்களும் பார்த்ததுதான். நீங்கள் போனதும் கணக்கப்பிள்ளையிடம் "அந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்லையா" என்று முணுமுணுத்தார். அப்போது குழி வெட்டப் பேர் கொடுத்திருந்த எங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "சார், நான் இன்னைக்கு வேற மலைக்குப் போறேன். அந்த மலையில குழி வெட்டல" என்றார். மற்றவர்களும் போட்டார்கள். அன்று சிரித்த அதே ஆட்கள்தான். அரை நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு போகம், அதற்கு மேல் பேச்சில்லை என்றார். அது போதும் எங்களுக்கு.

நீங்கள் கொண்டுவந்த தூளை நீங்கள் சொன்ன மாதிரியே இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் போட்டோம். கருப்பம்மா அக்கா பெட்டியை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். ஈர எருவில் கலந்து, போடப் போட மண்ணை இழுத்து மூடினாள். எங்களில் ஒருத்தி மூடாமல் விட்டுவிட்டாள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்போது கொடி கம்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. அங்கே ஒன்று இங்கே ஒன்று சாய்ந்திருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் பூவும் பிஞ்சும்தான். துரை ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இனிக் கோபம். நேற்று அப்புத்தளைச் சந்தையில் நௌபர் நானாவைப் பார்த்தேன். "ஒங்கட மிஸ்ஸ மாத்திட்டாங்களே, தெரியாதா?" என்றார். மொனராகலைப் பக்கம் எங்கேயோ உரக் களஞ்சியத்தில் சாக்கு எண்ணுகிற வேலையாம். செப்டெம்பரில் போக வேண்டுமாம். ஆய்வுகூடத்துப் பக்கம் இனி எட்டிப் பார்க்கக் கூடாதாம். பொதியை வெயிலில் அடுக்கியவர்கள் எல்லாம் அதே நாற்காலியில் இருக்கிறார்களாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றா? எங்களுக்குக் கஷ்டம் புதுசு இல்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டு சாக்கு எண்ணப் போனால் அதுதான் எங்களுக்குத் தாங்காது. களத்தில் வந்து நின்று அவ்வளவு சொன்னவர், உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா? சொல்லாவிட்டால் போங்கள், நாங்கள் சொல்கிறோம்.

நேற்றே சங்கத்தைக் கூட்டினேன். செவ்வாய்க்கிழமை யாரும் பெரட்டுக்குப் போவதில்லை. முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து உங்கள் நிலையத்து வாசலில் உட்காரப் போகிறோம். வேலைக்குப் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போகும், துரை கத்துவார். அதை எல்லாம் எடுத்துச் சொல்லித்தான் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன்.  அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த கருப்பம்மா அக்கா எழுந்தாள். "அந்தப் புள்ள நமக்காகத் தனியா வந்து நின்னிச்சு. நாம இத்தன பேரு இருந்துகிட்டுப் போய் நிக்கலன்னா நாம என்ன மனுசிக?" என்றாள். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேண்டாம் என்று பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், அது வந்து சேர்வதற்குள் நாங்கள் பஸ்ஸில் இருப்போம். பெரட்டுக்கு வரும்போது நீங்களும் எங்களிடம் உத்தரவு கேட்டு வரவில்லை. உள்ளே இருந்து பார்த்துக்கொண்டு இருக்காமல் வாசலுக்கு வாருங்கள். அக்காதான் முன்னால் நின்று பேசப் போகிறாள்.

ஜெயந்தினி